அசைவை அறிந்து எரியும் சோலார் விளக்கு: குமரி மாவட்ட வீடுகளில் எங்கே, எப்படிப் பொருத்துவது

திருவட்டாறு வட்டத்தில் உள்ள எங்கள் வீட்டின் அடுக்களை வாசலிலிருந்து கிணற்றடிக்கு இருபது அடி தூரம் இருக்கும். பொழுது விடியுமுன் அம்மா அந்த வழியில்தான் தண்ணீர் எடுக்கப் போவார் என்பதால், ஆள் வந்தால் தானே எரியும் சோலார் சென்சார் விளக்கு ஒன்றை ஒரு தை மாதத்தில் வாங்கி, அடுக்களையின் தெற்குச் சுவரில், ஓட்டுக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே பொருத்தினேன். மாசியிலும் பங்குனியிலும் அது விடியும்வரை ஒழுங்காக எரிந்தது. சித்திரை பிறந்த கையோடு நள்ளிரவில் அணையத் தொடங்கியது. ஆனி மாதத்தில் அறவே எரியவில்லை. பேட்டரி போய்விட்டது என்று எண்ணிக் கடையில் கொடுத்து வேறொரு விளக்கை மாற்றி வாங்கினேன், அதுவும் அப்படியே ஆயிற்று. பழுது விளக்கில் இல்லை, நான் தேர்ந்தெடுத்த சுவரில் இருந்தது என்று புரிய ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டை மற்றவர்கள் வீணாக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் 11-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. இடைப்பட்ட காலத்தில், அதாவது சித்திரை முதல் ஆவணியின் நடுப்பகுதி வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அளவில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அந்நாள்களில் வீட்டின் தெற்குச் சுவர் ஏறத்தாழ நாள் முழுவதும் வீட்டின் நிழலிலேயே கிடக்கும். மார்கழியில் இதற்கு நேர்மாறாகச் சூரியன் உச்சியிலிருந்து 31 பாகைக்கும் சற்று மேலாகத் தெற்கே சரிந்துவிடுவதால், அப்போது வடக்குச் சுவருக்கு வெயில் கிடைக்காது. சோலார் பொருள்களைத் தெற்குப் பார்த்து வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, கூரைமேல் சற்றே சாய்த்து வைக்கும் பேனலுக்குச் சரி. சுவரோடு ஒட்டிய சிறு விளக்குக்கு, நம் ஊரில், அது ஆண்டில் நான்கைந்து மாதங்கள் பொய்த்துவிடும்.

இதிலிருந்து பிறக்கும் முடிவு ஒன்றுதான்: வெளிச்சம் வேண்டிய இடமும் வெயில் விழும் இடமும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கிணற்றடி, தொழுவம், குளியலறைக்குப் போகும் வழி, விறகுப்புரை ஆகிய எல்லாமே இறவாரத்தின் அடியிலோ மரநிழலிலோதான் இருக்கின்றன. எனவே பேனலும் விளக்கும் ஒரே பெட்டியாக வருவதைவிட, பேனல் தனியாகவும் விளக்கு தனியாகவும் இருந்து, நடுவே பத்துப் பதினைந்து அடி ஒயர் ஓடும் வகையே நம் மாவட்டத்துக்கு ஏற்றது. அதன் பேனலைக் கூரைமேலோ மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலோ வைத்து, விளக்கை வேண்டிய நிழலில் தொங்கவிடலாம். எங்கள் வீட்டில் மூன்றாவதாக வாங்கியது இந்த வகை. ஆடி மாதத்திலும் அது அணையவில்லை.

ஒரே பெட்டியாக வரும் விளக்கைத்தான் பொருத்த முடியும் என்றால் கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் பெறும் சுவர்கள். ஆனால் ஐப்பசியில் நம் பக்கம் காலையில் வெயில் அடித்து, மதியத்துக்கு மேல் கருத்து இடியோடு மழை இறங்கும் நாள்கள் அதிகம் என்பதால், மழைக்காலத்தில் கிழக்குச் சுவருக்கே கூடுதல் வெயில் வாய்க்கிறது. எந்தச் சுவரானாலும், முதலில் ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி, பதினொரு மணி, மாலை மூன்று மணி என்று மூன்று முறை அந்த இடத்தை நின்று பாருங்கள். மூன்றில் இரண்டு முறையாவது நேர் வெயில் விழ வேண்டும். தென்னோலையின் நிழல் ஒரு கீற்றாக விழுந்தால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. பேனலில் உள்ள சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல்லின்மேல் விழும் நிழல் மற்ற எல்லாச் செல்களின் மின்சாரத்தையும் தடுத்துவிடும். ரப்பர் விளையை ஒட்டிய வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: தை, மாசியில் ரப்பர் இலையுதிர்ந்து வெளிச்சமாக இருக்கும் இடம், புதிய தழை அடர்ந்தபின் இருண்டுவிடும். தென்னை மரத்துக்கு நேர்கீழே பேனலை வைக்கவே வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும்.

விளக்கு ஆளை எப்படி அறிகிறது என்று தெரிந்துகொண்டால், அதை எங்கே பார்க்க வைப்பது என்ற கேள்விக்குத் தானாக விடை கிடைக்கும். வெள்ளைநிறக் குமிழ்போல் முன்னே தெரியும் பகுதி ஒரு வில்லை. அதற்குப் பின்னால் உள்ள உணரி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக நம் உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தை இரண்டு துண்டுகளாகப் பிரித்துப் பார்த்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே திடீர் வேறுபாடு தோன்றினால் விளக்கை எரியவிடுகிறது. ஒருவர் விளக்கின் முன்னால் குறுக்கே நடந்தால் இந்த வேறுபாடு உடனே தோன்றும். விளக்கை நோக்கி நேராக நடந்து வந்தால் மிக அருகில் வந்த பிறகே தோன்றும். ஆகவே நடைபாதையின் முடிவில் பாதையைப் பார்த்து விளக்கை வைப்பதைவிட, பாதையின் ஓரத்தில், ஆள் குறுக்கே கடந்து போகும்படி வைப்பதே சரி. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33, 34 பாகை செல்சியஸ். பங்குனி, சித்திரையில் இருட்டிய பிறகும் சுவரும் தரையும் அந்த வெப்பத்தை நெருங்கிக் காய்ந்து கிடப்பதால் வேறுபாடு சிறுத்து, இருபது அடியில் எரிந்த விளக்கு பத்தடியில்தான் எரியக்கூடும். அது பழுது அன்று.

இந்த உணரி வெப்பத்தைத்தான் பார்க்கிறது என்பதில் உயிரோடு தொடர்புடைய ஓர் உண்மை இருக்கிறது. பாம்பின் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருப்பதால், பாதையில் பாம்பு ஊர்ந்தாலும் விளக்கு எரியும் என்று நம்பியிருக்க முடியாது. இரவில் இரைதேடும் கட்டுவிரியன் வீட்டு ஓரங்களில் நடமாடும் ஊர் இது. விளக்கு எரிவது நாம் வரும்போதுதான். எனவே நாம் காலை வைப்பதற்கு முன்பே பாதை முழுவதும் வெளிச்சமாகும்படி, வாசற்படியில் நிற்கும்போதே நம்மைக் கண்டுகொள்ளும் இடத்தில் விளக்கு இருக்க வேண்டும். வாசலைக் கடந்து நாலடி நடந்த பிறகு எரியும் விளக்கு, அந்த நாலடிக்கு உதவாத விளக்கு. திருடனைப் பயமுறுத்தும் என்று கேட்டின்மேல் முதல் விளக்கை வைப்பவர்கள் பலர். என் எண்ணத்தில் முதல் விளக்கு வீட்டுப் பெண்களும் முதியவர்களும் இருட்டில் நடக்கும் பின்வாசல் வழிக்கு உரியது. கேட்டுக்கு இரண்டாவது விளக்கு போதும். விளக்கு இருந்தாலும் கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

கடைகளில் ரேடார் உணரி என்று எழுதிய விளக்குகளும் கிடைக்கின்றன. அவை மெல்லிய பலகையையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவி அசைவைக் காணும் திறன் உள்ளவை. ஆனால் காற்றில் ஆடும் வாழையிலையையும் ஆளாகக் கொள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு முப்பந்தலில் காற்றாலைகள் ஓயாமல் சுழலும் மாவட்டத்தில், வாழையும் தென்னையும் சூழ்ந்த வீட்டுக்கு அந்த வகை பொருந்தாது. வெப்பத்தை உணரும் வகையே நமக்கு நல்லது.

வாங்கும்போது பெட்டிமேல் எழுதியிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். உள்ளங்கை அகலமுள்ள விளக்கில் 100 வாட், 200 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். அப்படியானால் பத்து சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள பேனல், மிக நல்ல வெயிலிலும் 2 வாட்டுக்குமேல் தர இயலாது. கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், பெட்டி சொல்வதை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

இதே 2 வாட் பேனலை வைத்து ஒரு நாள் வரவு செலவைப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்தால் 10 வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). தூசி, சூடு, சாய்வு, பேட்டரியில் ஏறும்போது ஏற்படும் இழப்பு எல்லாம் போக 6 வாட்-மணி மிஞ்சும் என்று கொள்ளலாம். விளக்கு ஆள் வரும்போது மட்டும் 5 வாட் அளவில் அரை நிமிடம் எரிவதாக இருந்தால், ஓர் இரவில் நாற்பது முறை எரிந்தாலும் மொத்தம் இருபது நிமிடந்தான், செலவு 1.7 வாட்-மணிக்குள் அடங்கும். இரவு முழுவதும் மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் பளிச்சென்று எரியும் முறையில் வைத்தால், மங்கல் வெளிச்சத்துக்கு 0.3 வாட் என்றாலும் பதினொரு மணி நேரத்துக்கு 3.3 வாட்-மணி கூடுதலாகிறது, மொத்தம் 5. வெயில் நாளில் இதுவும் தாங்கும். மழை மூடிய நாளிலோ பேனல் வழக்கமான மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே, அதாவது 1.2 வாட்-மணி மட்டுமே, தரக்கூடும். 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்திருந்தால் அதில் 7.4 வாட்-மணி இருக்கும். மங்கல் முறையில் வைத்த விளக்கு ஒவ்வொரு நாளும் 3.8 வாட்-மணி பற்றாக்குறையோடு ஓடி இரண்டாம் இரவிலேயே பேட்டரியைத் தீர்த்துவிடும். ஆள் வந்தால் மட்டும் எரியும் முறையில் வைத்தது ஒரு வாரத்தையும் கடந்து நிற்கும். விளக்கு ஒன்றுதான், பொத்தானை ஒருமுறை அழுத்துவதில் இருக்கும் வேறுபாடு இவ்வளவு. ஆகவே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் தொடக்கத்திலும், வடகிழக்கு மழை வரும் அக்டோபர் நடுவிலும் எல்லா விளக்குகளையும் ஆள் வந்தால் மட்டும் எரியும் முறைக்கு மாற்றிவிட வேண்டும். இரவு முழுவதும் ஒரே வெளிச்சமாக எரியும் மூன்றாவது முறை, இத்தனை சிறிய பேனலுக்கு எந்தப் பருவத்திலும் தாங்காது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நம் ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாள்களுக்கு இந்த விளக்கு உதவ வேண்டுமானால், புயல் அறிவிப்பு வந்தவுடன் இரண்டு விளக்குகளையாவது பேட்டரி நிறைய விட்டு, சுவிட்சை அணைத்து, கழற்றி உள்ளே எடுத்து வைப்பது நல்லது. கூரைமேல் உள்ள தனிப் பேனலையும் அப்போதே இறக்கிவிட வேண்டும். காற்றில் பறக்கும் பேனல் பக்கத்து வீட்டாருக்கு ஆபத்து.

இனிப் பொருத்தும் வேலை. புதிய விளக்கின் பின்புறத்தில் பெரும்பாலும் சிறிய சுவிட்சோ, ஊசி நுழைக்கும் துளையோ இருக்கும்; சில விளக்குகள் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தாலும் வெயிலில் சார்ஜ் ஏறும், சில ஏறா, கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்து பேட்டரியை நிறைத்துக்கொள்ளுங்கள். பிறகு உடனே சுவரில் துளையிடாமல், ஒரு கம்பிலோ ஜன்னல் கம்பியிலோ தற்காலிகமாகக் கட்டி, இருட்டியபின் வழக்கமாக நடக்கும் எல்லா வழியிலும் நடந்து பாருங்கள். ஏழு அல்லது எட்டடி உயரம், கீழ்நோக்கிச் சற்றே சாய்வு என்பது பெரும்பாலான விளக்குகளுக்குப் பொருந்தும். பத்தடிக்குமேல் போனால் உணரியின் பார்வை பாதைக்கு எட்டாமல் போகலாம்.

திருப்தியானபின் துளையிட்டு, ராவல் பிளக் அடித்து, திருகாணியால் இறுக்கலாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் விளக்கோடு பெட்டியில் வரும் திருகாணியைத் தூர எறிந்துவிடுங்கள்; உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்துச் சுவரில் செந்நிறக் கோடு இழுக்கும். 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கிடைத்தால் அதுவே நல்லது, இல்லையென்றால் 304 தரம். விளக்கில் ஐபி 65 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். தூசி புகாது, பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஐபி 44 என்பது தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். சாய்ந்தடிக்கும் ஆனி மழைக்கு அது போதாது.

தனிப் பேனலைக் கூரையில் 10 முதல் 15 பாகை வரை தெற்கே சாய்த்துப் பொருத்த வேண்டும். நம் நிலத்துக்கு அந்தச் சாய்வு வெயிலையும் வாங்கும், மழைநீரையும் தேங்கவிடாமல் தூசியோடு கழுவி இறக்கும். ஒயர் விளக்குக்குள் நுழையும் இடத்தில், ஒயரை விளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக நுழையச் செய்யுங்கள். ஒயர் வழியே வழியும் மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அணிலும் எலியும் ஒயரைக் கடிக்கும் என்பதால் அதை மெல்லிய பிவிசி குழாய்க்குள் விட்டால் நிம்மதி.

பேனலே பகலா இரவா என்று அறியும் கண்ணாகவும் வேலை செய்கிறது. தெருவிளக்கின் வெளிச்சமோ இன்னொரு சென்சார் விளக்கின் வெளிச்சமோ பேனலின்மேல் விழுந்தால், விளக்கு அதைப் பகல் என்று கொண்டு எரியாமல் இருக்கும், அல்லது எரிந்து எரிந்து அணையும். இருட்டியபின் எரியாத விளக்கின் பேனலை ஒரு கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள். அப்போது எரிந்தால் விளக்கில் குறையில்லை, பேனலின் இடத்தை மாற்றினால் போதும். ஆளில்லாமலே அடிக்கடி எரிந்தால், வில்லைமேல் பல்லி நடமாடுகிறதா, சிலந்தி வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தைவிட 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வருவதால், அந்த வகையை வாங்குவது பல்லித் தொல்லையை ஓரளவு குறைக்கும். தெருவில் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் வண்டிக்கும் எரிந்தால், வில்லையின் தெருப் பக்கத்துப் பகுதியின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டால் அந்தப் பக்கம் அதன் பார்வை அடைபட்டுவிடும். நம் ஊர் ஒடுங்கிய இடவழிகளில் இருசக்கர வண்டியில் வருபவரின் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடிப்பது விபத்துக்கு வழி என்பதால், இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடலைப் பார்த்த வீடுகளில் விளக்கைக் கடற்பக்கம் திருப்பவே வேண்டாம். தமிழகக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று கொண்டு கரைப்பக்கம் ஊர்ந்து மடிந்துபோகும்.

பராமரிப்பு எளிது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் பேனல் சூடேறுமுன், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தால் போதும். தேங்காய் நாரால் தேய்த்தால் பேனலின் மேற்பரப்பு கீறி மங்கிவிடும். காக்கை எச்சத்தை மட்டும் கண்ட அன்றே அகற்ற வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் பேட்டரி தளரும். நன்றாக வெயில் பட்டும் ஒன்பது மணிக்கே அணைகிறது என்றால், (அணைந்த நிலையிலும் சார்ஜ் ஏறும் விளக்கானால்) சுவிட்சை அணைத்து இரண்டு நாள் வெயிலில் வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய பேட்டரியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து அதே வகையைத்தான் வாங்க வேண்டும், 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்குப் பதில் 3.7 வோல்ட் வகையைப் போட்டால், இரண்டுக்கும் சார்ஜ் ஏறும் அளவு வேறு என்பதால் ஒழுங்காக வேலை செய்யாது. ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தரக்குறி உள்ள செல்லாகப் பார்த்து வாங்குங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது. கழற்றிய பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, புதியது வாங்கும் கடையிலோ மின்கழிவு பெறும் இடத்திலோ கொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களுக்கு அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை வைத்திருக்கின்றன. முற்றத்தில் சருகு கூட்டி எரிக்கும்போது அதில் ஒரு லித்தியம் பேட்டரி விழுந்தால் வெடிக்கும். எங்கள் வீட்டில் பழைய பேட்டரிகளை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பிள்ளைகளின் கை எட்டாத பரணில் வைத்திருந்து, நாகர்கோவிலுக்குப் போகும்போது எடுத்துச் சென்று கொடுத்துவிடுகிறோம்.